பிறந்த இடம்: தோட்டவெளி

வின்சன்ட் அளவு நாடாவோடு முற்றத்தின் நடுவில் நின்றான். படலைக்கு வெளியே ஒரு சின்ன லொறியில் கருங்கல் பலகை ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தது.

“றோசம்மா அக்கா, சரியா எந்த இடம்?”

“என்னடாப்பா, எந்த இடம்?”

“ஜெசிக்கா பிறந்த இடம். பழைய வீட்டில அறை எந்தப் பக்கம் இருந்தது? கிணத்துப் பக்கமோ, ரோட்டுப் பக்கமோ?”

பழைய வீடு இல்லாமல் போய் முப்பது வருடங்களுக்கு மேல். றோசம்மா முற்றத்தைப் பார்த்தாள். கிணறு. வேப்பமரம். வலை காயப்போடும் கம்பி. பிறகு கையை நீட்டினாள்.

“உதில.”

வின்சன்ட் குதிக்காலால் மண்ணில் ஒரு சிலுவை கீறினான். “இதிலயோ?”

“ஓம்.”

“வேம்பின்ர வேர் வராதோ?”

“வராது.”

வின்சன்ட் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். போன மாதம் ஆசியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் றோசம்மாவின் மகள் ஜெசிக்கா நடுவராக நின்றபோது, கோயில் மைதானத்தில் பெரிய திரை கட்டியவன் அவன்தான். அப்படி ஓர் ஆட்டத்தில் இந்த நாட்டுப் பெண் ஒருத்தி விசில் ஊதியது அதுவே முதல் தடவை. அன்று அவள் ஒரு கோலைக் கொடுத்தாள். பிறகு கோட்டோரம் போய்த் துணை நடுவரிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து, கொடுத்த கோலை இல்லை என்றாள். அறுபதாயிரம் பேர் கூவினார்கள். அவள் பந்தை வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தாள். தோட்டவெளியிலும் இரண்டு பேர் கூவினார்கள். வின்சன்ட் அவர்களை அதட்டி இருத்தினான்.

இப்போது அவன் சாக்கை விலக்கிக் கல்லை வாசித்துக் காட்டினான்.

“சர்வதேச உதைபந்தாட்ட நடுவர் மரியா ஜெசிக்கா பத்திநாதன். பிறப்பு 28.10.1990. இவர் பிறந்த இடம் இதுவே.” தலையை நிமிர்த்தினான். “இதுவே எண்டது நான் போட்டது. எப்பிடி?”

“நல்லாயிருக்கு.”

“ஞாயிறு பூசை முடியத் திறப்பு. பிள்ளை வெள்ளி வருதெல்லே? விழா மலரில போட ஞானஸ்நானத் திகதியும் வேணும். அதைக் கோயில் புத்தகத்தில பார்க்கலாம். பங்குச் சுவாமி யாழ்ப்பாணம் போயிட்டார். வெள்ளிக்கிழமை வந்திடுவார்.”

றோசம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தை அவள் மறந்திருந்தாள்.

*

ஜெசிக்கா தோட்டவெளியில் பிறக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில், தோட்டவெளி இருக்கும் தீவை விட்டு ஓடியவர்களில் றோசம்மாவும் அவள் கணவன் பத்திநாதனும் இருந்தார்கள். வள்ளத்தில் விடத்தல்தீவுக்கு. அங்கிருந்து வடக்கே, உழவு இயந்திரப் பெட்டியில். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். வெள்ளாங்குளத்தில் மழை பிடித்தது. பெட்டி சேற்றில் புதைந்தது. அவளுக்கு வயிறு நோகத் தொடங்கியது. பத்திநாதன் மருத்துவிச்சியைத் தேடிப் போனான். அவன் திரும்பி வருமுன் பிள்ளை வந்துவிட்டது.

பிள்ளையை எடுத்தவள் பூமணி. வயல்காரி, மருத்துவிச்சி அல்ல. மாடுகளை மழையில் அவிழ்த்துவிட்டு, கொட்டிலில் வைக்கோல் போட்டு றோசம்மாவைப் படுக்க வைத்தாள். பிள்ளை நீலமாக இருந்தது. அழவில்லை. பூமணி அதைச் சுளகில் வைத்து உள்ளங்காலைத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

“அக்கா, தலையில தண்ணி ஊத்துங்கோ,” என்றாள் றோசம்மா.

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவாமி வேண்டியதில்லை. யாரும் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக, வேதக்காரராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. தண்ணீர் வேண்டும். மூன்று பெயர்கள் வேண்டும். கொடுக்கும் மனம் வேண்டும். தோட்டவெளியில் முதல் நன்மை வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். சைவக்காரியான பூமணிக்குத் தெரியாது. றோசம்மா சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். கூரையால் ஒழுகிய தண்ணீரைச் சிரட்டையில் பிடித்தாள்.

“பேர் என்ன?”

றோசம்மாவுக்கு ஒரு பெயரும் வரவில்லை. “மரியா,” என்றாள்.

பிதா. சுதன். பரிசுத்த ஆவி. மூன்றாம் தரம் ஊற்றியபோது பிள்ளை தும்மியது.

நான்காம் நாள் மடுக் கோயில் அகதி முகாமுக்கு ஒரு லொறி போனது. பிள்ளைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. மடுவில் டொக்டர் இருக்கிறார் என்றார்கள். ஏறினார்கள். பிள்ளையைச் சுற்றியிருந்தது பூமணியின் சேலை.

பிள்ளை பிழைத்தது. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது றோசம்மா அன்றைய பங்குச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஞானஸ்நானம் இரண்டு தரம் கொடுக்க முடியாது. அதனால் சுவாமி தண்ணீரைத் தொடவில்லை. எண்ணெய் பூசினார், மெழுகுதிரி கொடுத்தார், ஜெசிக்கா என்ற பெயரைச் சேர்த்தார். நடந்ததை நடந்தபடி புத்தகத்தில் எழுதினார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பதிவுக் கந்தோரில் கேட்டார்கள். பிறந்த இடம்? பத்திநாதன் யோசிக்காமல் சொன்னான். தோட்டவெளி.

காரணம் இருந்தது. பிறந்த இடம் நாளைக்கு அடையாள அட்டையில் வரும். தீவுப் பாலத்து ஆமிக் காவலரணில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாலத்துக்கு அப்பால், இயக்கத்தின் கையில் இருந்த ஊர் ஒன்றின் பெயர் அட்டையில் இருந்ததால் பத்திநாதனின் தம்பி மூன்று மாதம் உள்ளே இருந்தான்.

“பிள்ளைக்கும் சொல்லாதை,” என்றான் பத்திநாதன். “தெரிஞ்சால் எங்கயாவது சொல்லிப்போடும்.”

அவள் சொல்லவில்லை. பத்திநாதன் இறந்து ஆறு வருடம். இப்போது அது அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும், ஒரு புத்தகத்துக்கும்.

ஜெசிக்கா பேட்டிகளில் சொல்லுவாள்: “நான் தோட்டவெளி மண்ணில பிறந்தனான்.” அதைக் கேட்கும்போதெல்லாம் றோசம்மா எழும்பி அடுப்படிக்குப் போவாள்.

*

புத்தகம் சொல்லுமுன் தான் சொல்லவேண்டும். அதை வின்சன்ட் வந்துபோன திங்கட்கிழமையே முடிவு செய்தாள். சொன்னால் ஜெசிக்கா என்ன கேட்பாள் என்பதும் தெரிந்திருந்தது. அந்த மனுசி இருக்கிறாவோ? அதற்கு றோசம்மாவிடம் பதில் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஒருதரமும் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

“வெள்ளாங்குளத்தில ஆர் அம்மா, சொந்தமோ?” என்று கேட்டான் கொண்டக்டர்.

“இல்லை.”

“அப்ப தெரிஞ்ச ஆக்களோ?”

“இருக்கினமோ தெரியாது.”

“தெரியாமலே போறியள்?”

“ஓம்.”

பாலத்தில் பஸ் நிற்கவில்லை. இப்போது யாரும் மறிப்பதில்லை. அவள் கை மட்டும் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது.

வெள்ளாங்குளத்தில் ஒரு கடையில் பூமணியைக் கேட்டாள்.

“எந்தப் பூமணி? மரியாவை விசாரிக்கிற பூமணியோ?”

றோசம்மா தலையை ஆட்டினாள். கடைக்காரர் கையால் பாதையைக் காட்டினார்.

பூமணி முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நெற்றியில் திருநீறு.

“ஆர்?”

“தீவில இருந்து வாறன். தொண்ணூறில, மழைக்குள்ள, உங்கட கொட்டிலில...”

பூமணியின் கால் நின்றது. அவள் றோசம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் படலையைப் பார்த்தாள், வேறு யாரும் வருகிறார்களா என்று.

“பிள்ளை?”

“இருக்கிறாள்.”

“இருக்கிறாளோ?”

“இருக்கிறாள், அக்கா.”

பூமணி நெல்லுக்கு மேலேயே இருந்துவிட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவன் தம்பு வந்தார். “என்னப்பா, நெல்லுக்கு மேல குந்தியிருக்கிறாய்?”

“மரியா இருக்கிறாளாம்!”

தம்புவுக்குக் காது மந்தம். “எந்த மரியா?”

“எங்கட மரியா!”

தம்பு றோசம்மாவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து றோசம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

பூமணி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

“நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்,” என்றாள். “தீவில இருந்து மோட்டச்சைக்கிளில மீன் கொண்டு வாற பொடியளைக் கேப்பன். மரியா எண்டு ஒரு பிள்ளை, தொண்ணூறில பிறந்தது, இருக்கோ எண்டு. அவங்கள் சிரிப்பாங்கள். மரியா இல்லாத வீட்டைக் கேளுங்கோ அம்மா, அது சுகம் எண்டு.”

“ஜெசிக்கா எண்டுதான் கூப்பிடுறது.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நீ மரியா எண்டாய், நான் மரியா எண்டு ஊத்தினன்.” பூமணி கோப்பையை நீட்டினாள். “ஒரு சொல் அனுப்பியிருக்கலாம், பிள்ளை.”

றோசம்மா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“சரி, விடு. குடி. ஆறுது.”

றோசம்மா போனில் மகளின் படத்தைக் காட்டினாள். பச்சைச் சட்டை, கழுத்தில் விசில். தம்பு போனை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இவளோ? இவள் அந்த நடுவர்ப் பெட்டையெல்லே! குடுத்த கோலைத் திருப்பி எடுத்தவள்!”

“ஓம், ஐயா.”

“நான் இவளை ரீவிக்கு முன்னால இருந்து என்னென்ன பேச்சுப் பேசினனான்!”

“பேசினவர்,” என்றாள் பூமணி. “பக்கத்து வீட்டுச் சனம் வந்து எட்டிப் பார்த்தது.”

“அது கோல்தான்,” என்றார் தம்பு. “இவள் எங்கட கொட்டிலில பிறந்தவளெண்டாலும் அது கோல்தான்.”

றோசம்மா சிரித்தாள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னாள். சான்றிதழ், கல், ஞாயிற்றுக்கிழமை, கோயில் புத்தகம்.

“அந்தப் புத்தகத்தில உங்கட பேர் இருக்கு, அக்கா. ஞானஸ்நானம் குடுத்தவர் எண்ட இடத்தில.”

“வேதக்காரற்ற புத்தகத்தில என்ர பேரோ?”

“ஓம்.”

பூமணி யோசித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “அந்த மூண்டு பேரையும் சொல்லிப்போட்டு, மனசுக்குள்ள பிள்ளையாரையும் ஒருக்காக் கூப்பிட்டனான். அது பிழையோ?”

“சுவாமி அதைக் கேக்கேல்லை.”

“அப்ப நீயும் சொல்லாதை.”

கொட்டில் இப்போது இல்லை. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது ஒரு தடியும் மிஞ்சவில்லை என்றாள் பூமணி. வெறும் நிலம். ஓரத்தில் உழவு இயந்திரம் நின்றது. ஆனால் பூமணி தேடவில்லை, அளக்கவில்லை. நேரே போய் ஓரிடத்தில் நின்றாள்.

“இதில,” என்றாள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெசிக்கா வந்தாள். பையைப் போட்டாள். கை கழுவினாள். அடுப்படியில் பலகை இழுத்துப் போட்டு இருந்தாள். றோசம்மா சோறு போட்டு மீன்குழம்பு விட்டாள். மகள் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்தாள். பிறகு சொன்னாள். நின்றபடியே, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெசிக்காவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே இருந்தது.

“பிறந்த இடம் எண்ட கட்டத்தில எத்தினை தரம் எழுதியிருப்பன், அம்மா. பாஸ்போட்டுக்கு. விசாவுக்கு. ஒவ்வொரு போட்டிக்கும். அத்தினையும் பொய்.”

“உனக்குத் தெரியாட்டி அது பொய் இல்லை. அதுக்குத்தான் சொல்லேல்லை.”

“பதினெட்டு வயசில சொல்லியிருக்கலாம்.”

“அப்ப சண்டை.”

“இருபதில?”

“அப்பவும் பயம்.”

“முப்பதில?”

றோசம்மா திரும்பினாள். “அப்ப வெட்கம், பிள்ளை. அந்த மனுசி இருக்கிறாவோ எண்டுகூட நான் பார்க்கேல்லை.”

“இருக்கிறாவோ?”

“இருக்கிறா. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தனான்.”

ஜெசிக்கா எழும்பி வெளியே போனாள். கல் நட்டாகிவிட்டது. வேப்பமரத்தடியில் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. அவள் அதற்கு முன்னால், எச்சில் கை காயும்வரை நின்றாள். றோசம்மா யன்னலால் பார்த்தாள். ஆட்டத்தில் நிற்பதுபோலவே நின்றாள். கால் இரண்டும் அகல, முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

மகள் இனித் தன்னோடு பேசுவாளா என்று றோசம்மாவுக்குத் தெரியவில்லை.

ஜெசிக்கா திரும்பி வந்து பலகையில் இருந்தாள். கோப்பையை நீட்டினாள்.

“சோறு காஞ்சுபோச்சு. கொஞ்சம் குழம்பு விடுங்கோ.”

றோசம்மா விட்டாள். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.

பின்னேரம் வின்சன்ட் வந்தான். கதிரையில் இருந்தான். வழமைபோல் கால் ஆட்டவில்லை.

“றோசம்மா அக்கா, புத்தகம் பார்த்தனான்.”

“எங்களுக்கும் தெரியும், வின்சன்ட் அண்ணை,” என்றாள் ஜெசிக்கா.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “பிள்ளை, கல்லு நட்டாச்சு. எம்.பி. வாறார். பாண்ட் வாத்தியம் சொல்லியாச்சு. அந்தக் கதையைப் புத்தகத்தோட விடுவம். அது ஒருத்தரும் வாசிக்காத புத்தகம்.”

“கல்லை எல்லாரும் வாசிப்பினமே.”

“யேசுநாதரையே நாசரேத்தூரார் எண்டுதானே சொல்லுறம்? பிறந்தது பெத்லகேமில. அவருக்கு ஏதும் குறைஞ்சு போச்சோ?”

“நாசரேத்தில ஒருத்தரும் ‘இதுவே’ எண்டு கல்லு நடேல்லை, அண்ணை.”

வின்சன்ட் கதிரையை முன்னுக்கு இழுத்தான். பிறகு, “மாட்டுக்கொட்டில் எண்டு எப்பிடிப் பிள்ளை மைக்கில சொல்லுறது?” என்றான்.

“நத்தாருக்கு யேசு பாலனுக்கு நீங்களே வைக்கோல் போட்டுக் கொட்டில் கட்டுறனீங்கள்தானே.”

றோசம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். வின்சன்ட் எழும்பினான். படலைவரை போய்த் திரும்பி, “துணியை எண்டாலும் திறப்பமோ?” என்று கேட்டான்.

“திறப்பம்.”

அவன் போனபின் ஜெசிக்கா சொன்னாள், “அவையைக் கூப்பிடுங்கோ, அம்மா.”

“ஆரை?”

“நான் பிறந்ததைப் பார்த்த ஆக்களை.”

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் முழுக்க றோசம்மாவின் முற்றத்துக்கு வந்தது. பாண்ட் வாத்தியம் படலைக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்று வாசித்தது. சுவாமி வந்தார். எம்.பி. வரவில்லை, ஆள் அனுப்பியிருந்தார்.

பூமணியும் தம்புவும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பூமணி நீலச் சேலை உடுத்து, திருநீறு பூசி, முன்வரிசைக் கதிரையின் நுனியில் இருந்தாள். ஜெசிக்கா நேரே அவளிடம் போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“துணியை நீங்கள்தான் எடுக்கவேணும், பெரியம்மா,” என்றாள் ஜெசிக்கா.

பூமணி கல்லடிக்குப் போனாள். துணியைப் பிடித்து இழுத்தாள். சனம் கைதட்டியது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். என்ன எழுதியிருக்கு, பிள்ளை? வாசி.”

றோசம்மா பக்கத்தில் போய் நின்றாள். மகளின் பெயரை வாசித்தாள். திகதியை வாசித்தாள். அடுத்த வரியில் நின்றுவிட்டாள்.

முற்றம் பார்த்துக்கொண்டிருந்தது. வின்சன்ட் நிலத்தைப் பார்த்தான்.

“அடுத்த வரி பிழை,” என்றாள் ஜெசிக்கா. மைக் அவள் கையில் இருந்தது. “நான் பிறந்தது வெள்ளாங்குளத்தில. இவவின்ர மாட்டுக்கொட்டிலில. என்ர உயிர் தங்க அம்மா சொல்லச் சொல்ல இவதான் எனக்குத் தண்ணி ஊத்தினவ. என்னைக் காப்பாத்தத்தான் அம்மா ஊரை மாத்திச் சொன்னவ. அந்தப் பயம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். என்னை வளர்த்தது இந்த முற்றம். அதை எழுதுங்கோ, நிண்டு கைதட்டுறன். மற்றதை நாளைக்கு வின்சன்ட் அண்ணை அழிச்சுப்போடுவார்.”

ஒருவரும் கைதட்டவில்லை. பாண்ட் வாத்தியம் வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றது. பின்வரிசையில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் மகனின் காதில் வேறோர் ஊரின் பெயரைச் சொன்னாள். அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போது தம்பு தன் மந்தக் காதுக்கு ஏற்ற குரலில் சொன்னார்:

“திருப்பி எடுத்திட்டாள்! நான் சொன்னனான்தானே! இவள் குடுத்ததைத் திருப்பி எடுக்கிறவள்!”

முதலில் சுவாமி சிரித்தார். பிறகு வின்சன்ட். பிறகு முற்றம்.

சிரிப்புக்குள் பூமணி ஜெசிக்காவைக் கையால் கிட்டக் கூப்பிட்டாள். ஜெசிக்கா உயரம். குனிந்தாள். பூமணி அவள் உச்சியில் உள்ளங்கையை வைத்தாள். அந்த இடத்தையும் அவள் தேடவில்லை.

“இதிலதான் ஊத்தினனான்,” என்றாள்.